கறுப்பு வயர்

என்னைத் தேடி வரும் புகார்கள் எல்லாம் நாலைந்து வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். "அண்ணே, ப்ளக்குல ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது, ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குது." "ஸ்விட்சை ஆஃப் பண்ணியும் பல்பு மினுக்கு மினுக்குனு எரியுது." "பைப்பைத் தொட்டா ஜிவ்வுங்குது." "முன் ரூம்ல லைட்டு மங்கிப்போச்சு, பின் ரூம்ல கண்ணு கூசுது."

மதுரையில் வீட்டு வயரிங் வேலையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. இப்படி யாராவது சொல்லக் கேட்டதும் நான் முதலில் தேடுவது கறுப்பு வயரை, அதாவது நியூட்ரலைத்தான். வீட்டில் கரண்டே இல்லை என்றால் சிவப்பு வயரை, அதாவது ஃபேஸைத் தேடலாம். இருக்கக் கூடாத இடத்தில் கரண்ட் இருக்கிறது, இருக்க வேண்டிய அளவைவிடக் கூடவோ குறையவோ இருக்கிறது என்றால், அது திரும்பிப் போகிற வழியில் எங்கேயோ கோளாறு. வடிகால் அடைத்த வயலில் தண்ணீர் எந்த வரப்பை உடைக்கும் என்று சொல்ல முடியாது. நியூட்ரல் விட்டுப்போன வீடும் அப்படித்தான்.

புதூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பை முடித்துவிட்டு, 1980-களின் தொடக்கத்தில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில்தான் அவருக்குப் பெரும்பாலும் வேலை. தேக்கு ரீப்பர் அடித்து அதன்மேல் லிங்க் கிளிப்பில் வயரைப் பிடித்த பேட்டன் வயரிங். அதற்கும் முந்தைய வீடுகளில் மரத்தால் ஆன கேசிங் கேப்பிங். வயரில் செம்பைச் சுற்றி ரப்பர், ரப்பருக்கு மேல் நூல் பின்னல். அடுப்படிப் புகையிலும் ஓட்டுச் சூட்டிலும் ரப்பர் காய்ந்து, தொட்டால் பொடியாக உதிரும். வயரின் பெயரே அப்போது வேறு: லைட்டுக்கு 1/18, ப்ளக்குக்கு 3/20, மெயினுக்கு 7/20. சதுர மில்லிமீட்டர் கணக்கு வந்து வெகுநாளான பிறகும் கடையில் இந்தப் பெயரைச் சொன்னால்தான் வயர் கிடைக்கும்.

அந்த வீடுகளின் மெயின் போர்டில் ஃபேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் என்று இரண்டு கட்டைகள் இருக்கும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஆனால் விதி வந்ததால் சுவரில் இருந்த போர்டு தானாக மாறிவிடாது. ஓவர்லோடு வந்தால் இரண்டு ஃபியூஸில் எது இளைத்ததோ அது போகும். ஃபேஸ் பக்கம் போனால் நல்லது, வீடு முழுக்கச் செத்துவிடும். நியூட்ரல் பக்கம் போனால்தான் வினை. லைட் எரியாது, ஃபேன் சுற்றாது, வீட்டார் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஃபேஸ் மட்டும் எல்லா இடத்திலும் முழுசாக நிற்கும். ஆன் ஆகியிருக்கிற ஏதோ ஒரு பல்பு வழியாகப் புகுந்து நியூட்ரல் வயருக்கும் வந்துவிடும். தெருவுக்குத் திரும்பிப் போக வழி இல்லாததால் வீட்டில் உள்ள கறுப்பு வயர் அத்தனையும் சிவப்பு வயராகிவிடும். இதைத்தான் நாங்கள் 'ரிட்டர்ன்' என்போம்.

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் ஆனது. கரண்ட் இல்லை என்று நம்பி, ஸ்டூல் போட்டு ஏறி ஹோல்டரைக் கழற்றப்போன வீட்டுக்காரர் தூக்கி எறியப்பட்டுக் கீழே விழுந்திருந்தார். நல்ல வேளை, தோள்பட்டையோடு போயிற்று. நாங்கள் போனபோது அவருடைய மைத்துனர் டெஸ்டரை வைத்துக்கொண்டு, "எங்க வச்சாலும் எரியுது மேஸ்திரி, வீடு பூரா ஷார்ட் ஆயிருச்சு" என்று பதறினார். மேஸ்திரி பெட்டியைத் திறக்கவே இல்லை. "எல்லா ஸ்விட்சையும் அணைங்க. ப்ளக்குல மாட்டியிருக்கறதையெல்லாம் உருவுங்க" என்றார். பிறகு அதே ப்ளக்கில் டெஸ்டரை வைத்தார். வலது ஓட்டையில் எரிந்தது, இடது ஓட்டையில் இல்லை. ஒரே ஒரு லைட்டைப் போடச் சொன்னார். இரண்டு ஓட்டையிலும் எரிந்தது.

"பாத்தியாடா, லோடை எடுத்தா ரிட்டர்ன் ஓடிருது. அப்ப நியூட்ரல் கட். லோடை எடுத்தும் ஓடலைன்னா, எங்கயோ ஃபேஸ் வயரும் நியூட்ரல் வயரும் நேராவே ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ரெண்டும் வேற வேற வியாதி."

இன்றைக்கும் என்னிடம் வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தச் சோதனைதான். இதற்கு மீட்டர் வேண்டாம், செலவு கிடையாது. பாதிப் புகார்கள் இதிலேயே தெளிந்துவிடும். முழு வீட்டிலும் ரிட்டர்ன் என்றால் மெயின் பக்கம், மீட்டர் போர்டு, சர்வீஸ் வயர். ஒரு அறையில் மட்டும் என்றால் அந்த அறைக்கு நியூட்ரல் பிரியும் ஜங்ஷன் பாக்ஸ். ஒரே ஒரு ப்ளக்கில் என்றால் அந்த ப்ளக்கின் பின்னாலுள்ள ஸ்க்ரூ.

டெஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஸ்க்ரூ டிரைவருக்குள் இருக்கும் நியான் விளக்குக்கு எரிய மிக மிகச் சொற்பக் கரண்ட் போதும். அது நம் உடம்பு வழியாகத்தான் பூமிக்குப் போகிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவு சொற்பம். எனவே டெஸ்டர் எரிந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அதற்குப் பலம் உண்டா, ஒரு பல்பை எரிக்குமா, ஆளைக் கொல்லுமா என்பதை அது சொல்லாது. எரியவில்லை என்றாலும் நம்பக் கூடாது. ரப்பர் செருப்போடு பலகை மேல் நின்றுகொண்டு, வெயில் விழும் இடத்தில் பார்த்தால் இருக்கிற கரண்டும் தெரியாமல் போகும். அதனால் மேஸ்திரி எப்போதும் ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்திருப்பார். ஹோல்டரில் குண்டு பல்பு, இரண்டு நீள வயர்கள். மூன்று ஃபேஸ் வரும் வீடுகளுக்கு இரண்டு பல்புகளை சீரிஸில் கட்டியிருப்பார். இரண்டு ஃபேஸுக்கு நடுவே தெரியாமல் வைத்துவிட்டால் 400 வோல்ட் வந்து ஒற்றைப் பல்பு கையிலேயே வெடிக்கும் அல்லவா?

1990-களின் பிற்பகுதியில் டிஜிட்டல் மல்டிமீட்டர் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. எல்லாப் பையன்களும் வாங்கினார்கள். அதோடு புது மாதிரி பயமும் வந்தது. திருநகரில் புது வீடு ஒன்று. கான்சீல்டு வயரிங். ஒரு இளைஞர் தான் போட்ட வேலையில் லீக்கேஜ் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். எங்கும் இணைக்கப்படாமல் எதிர்காலத்துக்காக விட்டிருந்த வயர் ஒன்றில் மீட்டர் 90 வோல்ட் காட்டியது. பைப்புக்குள் வயர் உரிந்து மற்றொன்றோடு ஒட்டிவிட்டது என்று முடிவு கட்டி, சுவரை வெட்ட சுத்தியலும் உளியும் எடுத்து வைத்திருந்தார். நான் அந்த வயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை மாட்டிவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். 90 இருந்த இடத்தில் பூஜ்யம்.

அந்த 90 வோல்ட் பொய்யல்ல, ஆனால் அதற்குப் பலம் கிடையாது. ஒரே பைப்புக்குள் நெடுந்தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு வயர்கள், இடையில் பி.வி.சி. உறை இருந்தாலும், ஒரு கண்டன்சர் மாதிரி வேலை செய்யும். ஓடுகிற வயரிலிருந்து சும்மா கிடக்கும் வயருக்கு ஒரு துளி ஏறும். பழைய முள் மீட்டர் தன் வேலைக்கே கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்தத் துளி அங்கேயே பெரும்பாலும் கரைந்துவிடும். டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் அது எதையும் குடிக்காது, இருப்பதை அப்படியே காட்டிவிடும். கருவி நுட்பமாக ஆக ஆக, இல்லாத வியாதியும் தெரிய ஆரம்பித்தது. அந்தச் சுவர் அன்றைக்குத் தப்பித்தது.

இதே துளிக் கரண்ட்தான் ஆஃப் செய்த பல்பை மினுக்க வைப்பதும். குண்டு பல்பு இருந்த காலம் முழுக்க இந்தப் புகார் ஒன்றுகூட வந்ததில்லை. இழை சிவக்கவே கணிசமான கரண்ட் வேண்டும். சி.எஃப்.எல். வந்ததும் 'அணைத்தாலும் சில விநாடிக்கு ஒருமுறை வெட்டுகிறது' என்றார்கள். 2015-ல் மத்திய அரசு உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்புகளைக் குறைந்த விலைக்குப் பரப்பிய பிறகு, இரவில் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது என்று வாரந்தோறும் கேட்க ஆரம்பித்தேன். மாடிப்படி லைட்டில் இது அதிகம். டூவே ஸ்விட்சுக்காக மேலும் கீழும் வயர்கள் கைகோத்து ஓடுமே. சிவப்பு இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்சும் ஒரு காரணம். அந்த இண்டிகேட்டர் எரியும் கரண்ட் பல்பு வழியாகத்தான் போக வேண்டும்.

இவை இரண்டும் தொந்தரவே தவிர ஆபத்தில்லை. ஆபத்தான மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கும். ஸ்விட்சை அணைத்தால் பல்பு அணையும், ஹோல்டரில் ஃபேஸ் அப்படியே நிற்கும். குண்டு பல்பு காலத்தில் இப்படி மாற்றிப் போட்ட வீடுகள் எத்தனையோ, யாருக்கும் தெரியாமலே இருந்தன. எல்.இ.டி. வந்த பிறகுதான் மினுக்கி மினுக்கிக் காட்டிக்கொடுத்தன. அதனால் "பல்பை மாத்துங்க சார், சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு வருபவனை எனக்குப் பிடிக்காது. ஸ்விட்சைத் திறந்து, அணைத்த நிலையில் பல்புக்குப் போகும் வயரில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

குண்டு பல்பு போனதில் எங்கள் தொழிலுக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அது வெளிச்சம் தந்ததோடு வோல்டேஜ் மீட்டராகவும் இருந்தது. நியூட்ரல் லூஸ் ஆகும்போது பல்பு முதலில் துடிக்கும். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் மங்கும், அல்லது திடீரென்று பிரகாசமாகும். "லைட்டு ஒரு மாதிரி எரியுதே" என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள், நாங்கள் போய் ஸ்க்ரூவை இறுக்குவோம். இன்றைய எல்.இ.டி. பல்புகள் சிலவற்றின் அட்டையில் 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம். நோய் முற்றி, டி.வி.யோ வாஷிங் மெஷின் போர்டோ புகைந்த பிறகுதான் தெரிகிறது.

டபுள் வோல்டேஜ் என்று மக்கள் சொல்லும் விபத்து இதன் உச்சம். செல்லூரில் நெருக்கமான வரிசை வீடுகள். ஒரு மழைநாள் மாலை, ஒரே நேரத்தில் பல வீடுகளில் டி.வி., மிக்ஸி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் போய்விட்டன. சில வீடுகளில் விளக்கு மங்கியதோடு சரி. கூட்டமாக நின்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இடி விழுந்தது என்றார் ஒருவர். மீட்டர் வேகமாக ஓடியது என்றார் இன்னொருவர். "ஃபியூஸ் ஏன் போகலை?" என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்த வீடுகளுக்குப் பிரியும் இடத்தில் பொது நியூட்ரலின் ஜாயின்ட் அரித்து விட்டிருந்தது. வீட்டுக்கு வீடு வேறு வேறு ஃபேஸ். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் இருக்கும்வரை எந்த வீடும் பக்கத்து வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது அறுந்ததும் இந்த ஃபேஸ் வீடும் அந்த ஃபேஸ் வீடும் சீரிஸில் கோக்கப்பட்டு, நடுவில் உள்ள 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கீடு எப்படி? ஒரு வீட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், இன்னொன்றில் 100 வாட் பல்பு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன் பாக்ஸ் வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட். பல்பு வீட்டுக்கு 364. அதிகம் இழுப்பவருக்கு ஒன்றும் ஆகாது. சிக்கனமாக ஒரு விளக்கும் டி.வி.யும் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அடி. ஃபியூஸும் எம்.சி.பி.யும் அதிகக் கரண்டைக் கண்டால் போகும். அதிக வோல்டேஜ் அவற்றுக்குத் தெரியாது. கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அப்படியே. வோல்டேஜ் எல்லை தாண்டினால் துண்டிக்கும் தனிக் கருவி ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் உண்டு. அன்றைக்குப் பிறகு புது வயரிங் எதுவானாலும் அதைப் போடச் சொல்லி வற்புறுத்துகிறேன். பாதிப்பேர் கேட்பார்கள்.

எல்லா வோல்டேஜ் கோளாறும் நியூட்ரல் அல்ல. அதையும் பிரித்தறிய வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் 11,000 வோல்ட் லைனில் மூன்றில் ஒரு ஃபியூஸ் போனால், நம் பக்கத்து மூன்று ஃபேஸில் ஒன்று முழுசாக இருக்கும், மற்ற இரண்டும் ஏறக்குறைய பாதியாக, 115 வோல்ட்டுக்குப் பக்கத்தில், படுத்துவிடும். டிம்மாக எரியும், ஃபேன் முனகும். வித்தியாசம் என்னவென்றால், இதில் எந்த வீட்டிலும் வோல்டேஜ் ஏறாது. நியூட்ரல் கட்டில் ஒருவருக்கு இறங்கினால் இன்னொருவருக்கு ஏறும். யாராவது மிக்ஸி போட்டால் மாறும், நிறுத்தினால் மீண்டும் மாறும். எனவே ஒரு வீட்டில் மங்கல் என்றால் நான் பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்பேன். வோல்டேஜ் ஆடுகிறது என்றால் முதலில் மெயினை அணைக்கச் சொல்வேன், பிறகுதான் கிளம்புவேன்.

உடம்பில் ஜிவ்வென்று ஏறுகிற புகார் கம்ப்யூட்டரோடு வீட்டுக்குள் வந்தது. சி.பி.யு. பெட்டியின் இரும்பைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்பார்கள். மீட்டரில் பார்த்தால் பெட்டிக்கும் பூமிக்கும் நடுவே 115 வோல்ட் அளவில் காட்டும். உள்ளே எதுவும் பழுதாகியிருக்காது. அதன் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கண்டன்சர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு, ஒன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. பெட்டியை எர்த்தோடு சேர்த்தால் அந்தத் துளிக் கரண்ட் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி சரியாக நடுவில், பாதி வோல்டேஜில் தொங்கும். அதாவது கம்ப்யூட்டர் நம் வீட்டு எர்த்தின் லட்சணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று ஓட்டை ப்ளக் எல்லா வீட்டிலும் உண்டு. மேல் ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர் இருக்கிறதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். இருந்தாலும் அது எங்கே போய் முடிகிறது என்பது அடுத்த கேள்வி.

எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப் இரண்டரை மீட்டர் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றப் புனல் வைப்பது பழைய முறை. மதுரை வெயிலில் சித்திரை வைகாசியில் மண் காய்ந்து கல்லாகிவிடும். முன்பெல்லாம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எர்த் பைப் இருக்கும், சோப்புத் தண்ணீரே அதற்குப் போதும். இப்போது கார் நிறுத்த டைல்ஸ் பதித்து மூடிவிடுகிறார்கள். எங்கே புதைத்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

இப்படிச் செத்துப்போன எர்த்தும் விட்டுப்போன நியூட்ரலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு அடுக்குமாடி வீட்டில் பார்த்தேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் மூன்றிலும் பலமான ஷாக். மூன்றும் ஒரே நாளில் பழுதாகாது. வீட்டு லைன்கள் பிரியும் டி.பி. பாக்ஸுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நியூட்ரல் விட்டிருக்கிறது; முன்னால் வந்த ஒருவர் அதைத் தேட நேரமில்லாமல், அடுப்படி ப்ளக்கிலேயே எர்த் பின்னிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சப்ளை வந்துவிட்டது, காசும் வாங்கிக்கொண்டார். அன்று முதல் அடுப்படியின் கரண்ட் முழுதும் பச்சை வயர் வழியாக, காய்ந்த எர்த் பைப்புக்குப் போக முயன்றது. போக முடியாத மிச்சம் பச்சை வயர் தொட்டிருந்த இரும்பில் எல்லாம் ஏறி நின்றது. பாதுகாப்புக்கென்று போட்ட வயரே வீட்டுக்கு எமனாகிவிட்டது. அங்கே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்திருந்தால் அந்தத் துண்டு வயரைப் போட்டு ஸ்விட்சைத் தட்டிய கணத்திலேயே ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதே காரியம் தோட்டத்திலும் நடக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்ப் செட்டில், தொட்டித் தண்ணீரில் மாடு வாய் வைக்க மாட்டேன் என்கிறது, வாயைக் கொண்டுபோய் உதறிக்கொண்டு பின்வாங்குகிறது என்றார்கள். தண்ணீரில் மருந்து கலந்துவிட்டதோ என்று சந்தேகம். மோட்டார் கொட்டகையில் ஒரே ஒரு பல்பு. நியூட்ரல் அறுந்துபோனதால் எர்த் பைப்பையே நியூட்ரலாக்கி எரித்துக்கொண்டிருந்தார்கள். பைப்புக்குப் பக்கத்தில்தான் தொட்டி. செருப்புப் போட்ட மனிதனுக்குத் தெரியாத சில வோல்ட், ஈர மண்ணில் நாலு காலையும் பரப்பி நின்று ஈர வாயைத் தண்ணீரில் வைக்கும் மாட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. பல்பை அணைத்ததும் குடித்தது. "மீட்டரை விட மாடு நல்லா காட்டுதேண்ணே" என்றார் தோட்டக்காரர். எர்த்தை விட்டுவிட்டு ஒழுங்காக ஒரு நியூட்ரல் இழுத்துக் கொடுத்தோம்.

2008-க்குப் பிறகு நாலைந்து வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், கடைக்குக் கடை ஜெனரேட்டர். ஒரு மரக்கடையில் ஜெனரேட்டர் வயரின் இரண்டு முனையிலும் ப்ளக் டாப் மாட்டி, ஒரு முனையைச் சுவர்ப் ப்ளக்கில் செருகிக் கடை முழுவதையும் ஓட்டினார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கமும் வேலை செய்யும் பொருள். 230 வோல்ட் அந்தப் பக்கம் போகும்போது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கதி என்ன? அந்த வயரை அங்கேயே வெட்டிவிட்டுச் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வாங்கி வரச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தார். அனுபவமுள்ள லைன்மேன்கள் சப்ளையை நிறுத்திய பிறகும் லைனைச் சோதித்து, எர்த் ராடு மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது இதனால்தான்.

இன்வெர்ட்டர் கொண்டுவந்த தொல்லை சத்தமில்லாதது. பழைய வயரிங்கில் ஃபேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டு, நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். ஓடும், குறை தெரியாது. பிறகு ஆர்.சி.சி.பி. வைத்ததும் நிற்காமல் ட்ரிப் ஆகும். "ஆர்.சி.சி.பி. கம்பெனி சரியில்லை" என்று கழற்றிப் போட்டுவிட்ட வீடுகள் உண்டு. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று கூட்டிப் பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. ஒரு லைனின் நியூட்ரல் இன்னொரு லைனில் கலந்திருந்தாலோ, எங்காவது சுவர் ஈரத்தில் எர்த்தைத் தொட்டிருந்தாலோ கணக்கு உதைக்கும். நாற்பது வருடமாகச் சுவருக்குள் ஒளிந்திருந்த கறுப்பு வயர்க் குற்றங்களை எல்லாம் வெளியே கொண்டுவந்தது அதுதான்.

இப்போது கூரை மேல் சோலார். 2024-ல் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு எங்கள் பகுதியிலும் பெருகிவிட்டது. நல்ல உச்சி வெயிலில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கூப்பிட்டார். 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை இருக்க வேண்டிய இடத்தில் அவர் வீட்டில் 255-ஐத் தாண்டியது. தெருவில் பார்த்தால் சாதாரண அளவு. வீட்டிலிருந்து கரண்ட் வெளியே போகும்போது, வழியில் உள்ள எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போக வோல்டேஜ் தன்னை உயர்த்திக்கொள்ளும். நீளமான, மெலிந்த பழைய சர்வீஸ் வயர். மீட்டரின் நியூட்ரல் ஸ்க்ரூவில் கரி பிடித்திருந்தது. வயரைத் தடிமனாக்கி, முனையைச் சுத்தம் செய்து லக் அடித்ததும் அடங்கியது. தொழில்நுட்பம் புதிது, கோளாறு என் மேஸ்திரிக்குத் தெரிந்ததுதான்.

இவ்வளவு தெரிந்தும் இந்தக் கோளாறுகள் ஏன் குறையவில்லை? எங்கள் கூலி முறையைப் பார்த்தால் புரியும். புது வயரிங்குக்குப் பாயிண்ட் கணக்கு; ஒரு லைட்டுக்கு இவ்வளவு, ஒரு ப்ளக்குக்கு இவ்வளவு. அல்லது கட்டடச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி விடுவார்கள். வேகமாக முடிப்பவனுக்குத்தான் லாபம். நியூட்ரலை ஒவ்வொரு லைனுக்கும் தனியாக டி.பி. வரை இழுத்தால் வயரும் நேரமும் கூடும். பாதி வழியில் முறுக்கி டேப் சுற்றிப் பைப்புக்குள் தள்ளினால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கோளாறு பார்க்கிற வேலைக்கோ கணக்கே கிடையாது. இரண்டு மணி நேரம் தேடி ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால், "ஸ்க்ரூ இறுக்கினதுக்கா இவ்வளவு?" என்பார்கள். அதே நேரத்தில் தேவையில்லாமல் ஒரு அறையின் வயரை மாற்றினால் கேட்காமல் கொடுப்பார்கள். அதனால்தான் தேடத் தெரிந்த ஆட்கள் குறைந்து, மாற்றத் தெரிந்த ஆட்கள் பெருகிவிட்டார்கள்.

நான் இப்போது ஏணி ஏறுவதைக் குறைத்துவிட்டேன். என்னோடு இருக்கும் பையன்களில் இருவர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குத் தயாராகிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்கு எந்தப் புகாருக்குப் போனாலும், ஃபேன் ரெகுலேட்டர் மாற்றவே போனாலும், மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துவிட்டு, டி.பி. பாக்ஸின் நியூட்ரல் பட்டையில் உள்ள ஸ்க்ரூக்கள் அத்தனையையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும். கறுத்த வயர் இருந்தால் வெட்டி, புது முனை போட்டுத் திருப்பி மாட்ட வேண்டும். மெயினைப் போட்டபின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்து, அளவை டி.பி. கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதிவிட்டு வர வேண்டும். ஆர்.சி.சி.பி. இருந்தால் வீட்டாரைக் கூப்பிட்டு அவர்கள் கையாலேயே டெஸ்ட் பட்டனை அழுத்த வைத்து, மாதம் ஒருமுறை செய்யச் சொல்ல வேண்டும். இதற்குத் தனியாகக் காசு கேட்கக் கூடாது; கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ரெகுலேட்டர் கூலியிலேயே அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.